இரண்டாவது ஹாரன்

அவர் இரண்டு முறைதான் ஹாரன் அடிப்பார். முதல் ஹாரன், கால் கழுவிக்கொண்டு ஓடிவரச் சொல்வது. இரண்டாவது, லோரி புறப்பட்டுவிட்டது என்று சொல்வது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. அது எல்லோருடைய உடம்பிலும் ஏறியிருந்தது. முதல் ஹாரன் கேட்டதும் பெண்கள் அடுப்பில் இருப்பதை இறக்கிவிடுவார்கள். இரண்டாவது கேட்டால் பிறகு ஓடிப் பயனில்லை என்று நாய்கள்கூட நின்றுவிடும்.

ரெம்பியாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு ஒரே ஒரு லோரிதான். புகைபோட்ட ரப்பர் தகடுகளை ஏற்றிக்கொண்டு காலையில் மலாக்கா டவுனுக்குப் போகும். அரிசி, உப்புமீன், மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு திரும்பும். டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுப் பையன்கள் அந்தத் தகட்டுக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து போவார்கள். துரை அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். யார் ஏறலாம் என்பது துரையின் உத்தரவு. எப்படி ஏறுவது, எப்படி உட்காருவது, எப்படி இறங்குவது என்பதெல்லாம் டிரைவரின் உத்தரவு.

பிள்ளைகள் நாங்கள் அவரை டிரைவர் மாமா என்று கூப்பிட்டோம். பெரியவர்களுக்கு அவர் வெறும் டிரைவர். பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் இருந்திருக்கும். நான் அதைக் கேட்டதில்லை.

ஒல்லியான ஆள். கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை மூடியிருக்கும். சட்டைப் பையில் ஒரு கடிகாரம், சங்கிலியோடு. முந்திய துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே சுவரில் தொங்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார். அப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். கோயிலில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கோயிலில் அவர் அவசரத்தில் இருப்பார்.

லோரியில் ஏறுமுன் பையன்களின் கால்களைப் பார்ப்பார். சேறு இருந்தால் ஏற முடியாது. பிறகு நகம், பிறகு தலை. பாட்டுப் பாடக்கூடாது, வெளியே கை நீட்டக்கூடாது, தின்னக்கூடாது. பெரியவர்கள் பேசும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. தப்பு உன்மேல் என்றால் காரணம் சொல்லக்கூடாது. கதவு சாத்தியிருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும்.

"நேரந் தப்புனவனுக்கு நெரையும் தப்பும்டா," என்பார். பால்மரம் சீவுபவர்களுக்குத் தினமும் விடியுமுன் ஆள் கூடும் பெரட்டில் ஆளுக்கு ஒரு நிரை மரம் கொடுப்பார்கள். இருட்டோடு பெயர் கூப்பிடும்போது இல்லாதவனின் நிரை வேறொருவனுக்குப் போய்விடும். அவனுக்கு அன்று வேலையில்லை. தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அவர் யாருக்காகவும் காத்திருக்கமாட்டார். இதுதான் அவர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியிலிருந்து நாதஸ்வரக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். தம்பின் ஸ்டேஷனில் இறங்கியவர்களை இவர்தான் ஏற்றிவந்தார். வழியில் சிம்பாங் அம்பாட்டில், காப்பி குடித்தே ஆகவேண்டும் என்று நாதஸ்வரக்காரர் சொன்னார். வித்வான், பெரிய மனிதர். இவர் நிறுத்தினார். முதல் ஹாரன் அடித்தார். வித்வான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடித்தார். வித்வான் தட்டில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார். லோரி தோட்டத்துக்கு வந்தபோது அதில் ஒரு தவிலும், இரண்டு துணிமூட்டைகளும், சுருதி போடும் ஆள் ஒருவரும் மட்டும்தான். அம்மன் அன்று சுருதியோடு மட்டும் புறப்பட்டாள். பொழுது சாயும் நேரத்தில் வித்வான் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்.

கோயில் தலைவராக இருந்த கங்காணி கொதித்துப்போனார். "சாமி காரியம்யா! ஒரு காப்பி குடிக்கிற நேரம் நிக்கக்கூடாதா?"

"சாமி நேரத்துக்குப் பொறப்பட்டுச்சா இல்லையா?"

"பொறப்பட்டுச்சு."

"அப்பறம் என்னா?"

தன் மனைவியையும் அவர் விட்டுவிட்டு வந்ததுண்டு. தீபாவளிக்கு மறுநாள் துரையிடம் கேட்டு, தோட்டத்துப் பிள்ளைகளைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போவது வழக்கம். அது அவராக ஏற்படுத்திய வழக்கம். அதற்காக எங்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். கடலில் பாதி உடம்பு இருக்கும்போது முதல் ஹாரன் கேட்கும். எல்லோரும் ஈர டவுசரோடு மணலில் ஓடுவோம். அந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டோம். மாமிதான் ஒரு மலாய்க்காரரிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஹாரன் அடித்தது. நாங்கள் "மாமி, மாமி" என்று கத்தினோம். லோரி நகர்ந்தது. மாமி கையில் மீனோடு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றதும், சின்னதாகிக்கொண்டே போனதும் எனக்கு இப்போதும் தெரிகிறது.

மறுநாள் மத்தியானம் மாமி வந்து சேர்ந்தார். டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு பஸ்ஸில் வந்தாராம். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏங்க, தாலிய எனக்கு எதுக்குக் கட்டுனீங்க? அந்த லோரிக்குக் கட்டியிருக்கலாம்லா. அது ஒரு நாளும் லேட்டா வராது."

அவர் சிரிக்கவில்லை. "ஒன்னய ஏத்திக்கிட்டா நாளைக்கி இந்தப் புள்ளைங்க ஏன் ஓடியாரும்?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. அவருடைய எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது.

அவர் காத்திருக்காததால் பிழைத்தவர்களும் உண்டு. புல்வெட்டப் போன ஒரு பெண்ணைப் பாம்பு கடித்தபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வரவேண்டும், கிராணியார் சீட்டு எழுதவேண்டும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அவளைத் தூக்கி லோரியில் கிடத்தி இரண்டு ஹாரனையும் சேர்த்தே அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புருஷன்கூட ஏற முடியவில்லை. அவள் பிழைத்தாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் இன்று டவுனில் இருக்கிறார்கள்.

கிராணியார் வீட்டு மூத்த பையன் தூங்குமூஞ்சி. அவனை அவர் சளைக்காமல் விட்டுவிட்டுப் போனார். தகப்பனார் ஆபீஸில் பெரிய கிராணி, டிரைவரின் சம்பளத்தை எழுதுபவர். அதுவும் எடுபடவில்லை. பையன் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய் பஸ் பிடிப்பான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவான். சில மாதங்களில் முதல் ஹாரனுக்கு முன்பே வந்து நிற்கப் பழகிவிட்டான். பிற்காலத்தில் அவன் கவர்மெண்டில் பெரிய உத்தியோகத்துக்குப் போனான். எல்லாப் பெருமையும் டிரைவருக்குத்தான் என்று கிராணியாரே சொல்வார். பெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். பிள்ளையை அடித்து வளர்க்க நேரமில்லாதவர்களுக்கு அவர் ஒரு வசதி.

அவரும் அப்படித்தான் வளர்ந்தவர். வலது கை முட்டிகளின்மேல் வெள்ளையாக ஒரு தழும்பு வரிசை இருக்கும். டவுனில் ஒரு பட்டறையில் வேலை கற்றபோது மேஸ்திரி ஸ்பேனரால் அடித்ததாம். அதை மறைக்கமாட்டார். பையன்கள் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்.

"இது இல்லேன்னா நான் இன்னமும் தொர வீட்டு மாட்டுக்குச் சாணி அள்ளிக்கிட்டு இருப்பேன். இது தழும்பில்லடா, லைசென்சு."

என் அப்பா பால்மரம் சீவுபவர். அம்மா புல்வெட்டுக் கும்பலில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். எங்கள் வாத்தியார் எங்கெங்கோ எழுதிப்போட்டு, டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இலவச இடத்துக்கு என்னைப் பரீட்சை எழுதக் கூப்பிடவைத்தார். அதற்கு வயது வரம்பு உண்டு. எனக்கு அந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கிடையாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா மாரியம்மனிடம் சொன்னாள். அப்பா டிரைவரிடம் சொன்னார்.

"அண்ணே, பையனுக்கு எப்படி நிக்கணும், எப்படிப் பேசணும்னு கொஞ்சம் சொல்லிக்குடுங்க. வெள்ளக்காரப் பள்ளிக்கூடம்."

"பேசவே வேணாம். நிக்கக் கத்துக்கிட்டாப் போதும்," என்றார் அவர்.

சாயங்காலங்களில் லோரிக் கொட்டகையில் அவர் எனக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார். குதிகால்கள் ஒட்டி. கைகள் மார்பில் கட்டி. கண் எதிரே இருப்பவரின் சட்டைப் பொத்தானில். நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அப்பா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சிலையைப் பார்ப்பதுபோல் சந்தோஷப்பட்டார்.

பரீட்சை இங்கிலீஷ் வருஷப்பிறப்பு முடிந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய நாட்களில் ஒன்றில். அந்த வருஷப்பிறப்பில்தான் கவர்மெண்டு நேரத்தை மாற்றியது. நாடு முழுவதும் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தார்கள். அதிகமில்லை, ஒரு குழந்தைக்குச் சோறூட்டும் நேரம். தோட்டத்துக் கடையில் இதைப் பற்றி இரண்டு நாள் சிரித்தார்கள்.

"சூரியனையும் சேத்துத் தள்ளிட்டானுங்களா?"

"வெள்ளக்காரன் தள்ளுனா அதுவும் நகரும்லா."

"அப்ப கள்ளுக்கடைய சீக்கிரம் தொறப்பான்!"

"சீக்கிரம் சாத்துவான்டா, அதச் சொல்லு."

துரை, அந்த மாதக் கணக்கு முடியட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆபீஸ் சுவர்க்கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. பெரட்டு மணியும் பழைய நேரத்தில் அடித்தது. மரங்களுக்கும் பாலுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பரீட்சைக்கு முந்திய சாயங்காலம் பெரிய கிராணி லோரிக் கொட்டகைக்கு வந்தார். நான் அங்கே நின்று பழகிக்கொண்டிருந்தேன்.

"டிரைவரு, நாளைக்கி கொஞ்சம் வெள்ளனக் கெளம்பிருங்க. டவுன்ல மணி நமக்கு முன்னால ஓடுதாம்."

"ஆபீஸ் மணி மாறிருச்சா?"

"இல்ல. தொரதான் மாசம் முடியட்டும்னுட்டாரே."

"அப்ப எனக்கு இன்னும் மாறல."

"யோவ், பையனுக்குப் பரிச்சைய்யா."

"கிராணியாரே, ஆபீஸ் மணியப் பாத்துத்தான் நான் இத்தன வருசமா எடுத்திருக்கேன். ஒரு நாளும் தப்புனது இல்ல. கடையில எவனோ சொன்னான்னு நான் மணிய மாத்த முடியாது. நான் எப்பவும் கொஞ்சம் முந்தித்தான் போயிச் சேருவேன். பயப்படாதீங்க."

கிராணியார் என்னைப் பார்த்தார். நான் டிரைவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவும் என்னோடு வருவதாக இருந்தது. பெரட்டில் பெயர் கொடுத்து, தன் நிரையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு வரும்படி கங்காணி சொல்லியிருந்தார். கங்காணிக்கு அன்று பேச்சு நீண்டுவிட்டது. முதல் ஹாரன் அடித்தபோது அப்பா பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் லோரியில் ஏறியிருந்தேன். மற்ற பையன்களுக்கு இன்னும் பள்ளிக்கூடம் திறக்கவில்லை, நான் மட்டும்தான். அதனால் டிரைவர் என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். அது பெரிய மரியாதை.

இரண்டாவது ஹாரன் அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா மண்பாதையில் ஓடிவந்துகொண்டிருந்தார். துவைத்த வேட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் எனக்காக அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம். லோரி நகர்ந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். பொட்டலத்தோடு அந்தக் கையைத் தூக்கி ஆட்டினார். நிறுத்தச் சொல்லி அல்ல. "போங்கண்ணே, போங்க, நேரமாச்சு!" என்றுதான்.

டிரைவர் என்னிடம், "ஒங்கப்பன் மனுசன்," என்றார். அவர் வாயிலிருந்து யாரைப் பற்றியும் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்து இரும்பு கேட் சாத்தியிருந்தது. உள்ளே மைதானத்தில் ஒருவருமில்லை. டிரைவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மைதானத்துக்கு அப்பால் கட்டடத்தின் நெற்றியில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் காதில் வைத்துக் கேட்டார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கேட்டில் வயதான மலாய்க் காவல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையன்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று கையால் காட்டினார். கடுமையாகச் சொல்லவில்லை. ஏதாவது சொல்லுங்கள், கேட்கிறேன் என்பதுபோல்தான் இருந்தது அவர் முகம். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குதிகால்கள் ஒட்டின. நான் அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. மலாக்காச் சீனர் வீட்டு நோஞ்ஞா அம்மாள் ஒருவர், சாரோங் கபாயாவில், மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அவர்களும் புதிய மணியை மறந்துவிட்டவர்கள்தான் போலிருக்கிறது. அந்த அம்மாள் காவல்காரரைப் பார்க்கவேயில்லை. மடக்கிய குடையால் கேட்டில் ஓங்கி அடித்தார்.

"புக்கா லா! புக்கா!" திற, திற என்று தெரு முழுக்கக் கேட்டது. கவர்மெண்டைத் திட்டினார். கடிகாரத்தைத் திட்டினார். தன் வீட்டுச் சமையல்காரியைத் திட்டினார். மகன் வெட்கத்தில் நெளிந்தான்.

வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் சத்தம் கேட்டுத் தாமே வந்துவிட்டார். அந்த அம்மாள் குரலைக் குறைக்கவில்லை. அவர் சட்டென்று சிரித்துவிட்டார். காவல்காரர் கேட்டைத் திறந்தார். பையன் உள்ளே ஓடினான்.

கேட் திறந்தே இருந்தது. தலைமையாசிரியரின் கை அதன்மேல் இருந்தது. அவர் எங்களைப் பார்த்தார். என்னை, என் காலை, என் கட்டிய கைகளை. பிறகு டிரைவரிடம் மலாயில் கேட்டார்: "இந்தப் பையன்?"

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கை கேட்டை மூடவில்லை. அதை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கை மூடவில்லை.

டிரைவர் நேராக நின்றார். அவருக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் முதல் சொல்லை இங்கிலீஷில் சொன்னார், அதுதான் மரியாதை என்று நினைத்து.

"லேட், துவான்."

தலைமையாசிரியர் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார். வேறு ஏதாவது வரும் என்று பார்த்தார்போல. வரவில்லை. என்னிடமிருந்தும் வரவில்லை. நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது பொத்தான் மட்டும் வேறு நிறம். அவர் தலையை ஆட்டினார். கேட்டைச் சாத்தினார்.

டிரைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நம்ம மேலதான் தப்பு. வா," என்றார்.

தகடுகளை இறக்கிவிட்டு, அரிசி ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாதி வழியில், ரோட்டோரம் அப்பா எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார். டவுன் வரைக்கும் நடந்தே வருவது என்று புறப்பட்டிருக்கிறார். வேட்டியெல்லாம் சிவப்புப் புழுதி. கையில் அதே பொட்டலம். டிரைவர் பிரேக் போட்டார். ரோட்டில் நடக்கும் ஒருவருக்காக அவர் லோரியை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"எழுதிட்டியாடா?" என்றார் அப்பா.

டிரைவர் எதையும் மறைக்காமல் சொன்னார். மணி மாறியதை, கிராணியார் எச்சரித்ததை, நோஞ்ஞா அம்மாள் குடையால் அடித்ததை, தலைமையாசிரியர் கேட்டதை, தான் சொன்ன பதிலை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க என்னாண்ணே செய்வீங்க. நேரம்னா நேரந்தானே," என்றார். பிறகு பின்னால் ஏறி அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டார். பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். சோறு இன்னும் கெடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அம்மா அப்படி விடவில்லை. சாயங்காலம் புல்வெட்டிவிட்டு வந்தவள், கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் டிரைவர் வீட்டு வாசலுக்குப் போனாள். லயமே வெளியே வந்து நின்றது.

"அந்தம்மா கேட்டா, தொறந்தாங்க. நீங்க கேக்கல. கதவத் தட்ட ஒங்களுக்குக் கையில்லையாண்ணே?"

அவர் வாசலில் நின்றிருந்தார். கைகளைப் பார்த்தார். முட்டியின்மேல் அந்த வெள்ளைத் தழும்புகள்.

"கை இருக்கு தங்கச்சி," என்றார். "பழக்கம் இல்ல."

உள்ளேயிருந்து மாமி வந்து அம்மாவின் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

மாதம் முடிந்ததும் ஆபீஸ் கடிகாரம் மாறியது. அன்று காலை அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று தன் கடிகாரத்தையும் மாற்றிக்கொண்டார். நான் கொஞ்ச நாள் அப்பாவுக்குப் பால் வடியும் மங்கு கழுவினேன். பிறகு ஒரு நிரை எனக்கே கிடைத்தது. வாத்தியார் என்னை விடாமல் பிடித்துவைத்துப் படிக்கவைத்தார். பின்னால் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானேன். மோசமான வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். இங்கிலீஷ் மட்டும் இல்லை.

அவர் அதற்குப் பிறகும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இரண்டு ஹாரன்தான். ஆனால் கிராணியார் வீட்டு மூத்த பையன் ஒரு விஷயம் சொன்னான். முன்பெல்லாம் பள்ளிக்கூட வாசலில் பையன்களை இறக்கியதும் லோரி போய்விடும். இப்போது போவதில்லையாம். கடைசிப் பையன் உள்ளே போய், கேட் சாத்தும் வரைக்கும் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அவரும் மாமியும் கப்பலேறி ஊருக்கே திரும்பிவிடுவது என்று கிளம்பினார்கள். புது டிரைவர் லோரி ஓட்ட, பெட்டி தூக்க நானும் தம்பின் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் வரவில்லை. தாமதம் என்றார்கள். எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. அவரால் உட்கார முடியவில்லை. பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போவார், கடிகாரத்தை எடுப்பார், தண்டவாளத்தைப் பார்ப்பார், திரும்பி வருவார்.

மாமி டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "இந்த ரயிலுக்கு ஒங்க ரெண்டாவது ஹாரன் அடிங்களேன், வருதா பாப்போம்," என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி," என்றார். அதற்கு முன் அவர் என்னை டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "அன்னக்கி நான் அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருந்தா, உள்ள உட்டிருப்பாரா?"

எந்த நாள், எந்த வார்த்தை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தெரியல மாமா," என்றேன்.

"எனக்கும் தெரியல," என்றார். மறுபடி பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்விட்டார். ரயில் வந்தபோது எல்லோருக்கும் முன்னால் ஏறி, மாமிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

என் மகன் டவுன் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். போன வாரம் அவனுக்குப் பெரிய பரீட்சை. துணைக்கு நானும் போனேன். வருஷம் முழுவதும் நேரத்தைப் பற்றி அவனிடம் சொல்லிச் சொல்லி அலுத்தவன் நான். முதல் பஸ்ஸைத்தான் பிடித்தோம். அது வழியில் ரிப்பேராகி நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. வேறு பள்ளிக்கூடம், வேறு கேட். பச்சை வர்ணம் அடித்தது. காவல்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, மகனை அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னா, லேட்டா?"

என் குதிகால்கள் ஒட்டியிருந்தன. கைகள் மார்பில் கட்டியிருந்தன. எப்போது கட்டினேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் மகன் உள்ளங்கையால் கேட்டைப் படபடவென்று தட்டினான். "பஸ்ஸு ரிப்பேர்லா அங்கிள்! தொறங்க, தொறங்க, எழுத ஆரம்பிச்சிருவாங்க!"

காவல்காரர் அவனைத் திட்டிக்கொண்டே எழுந்து வந்தார். திட்டிக்கொண்டே திறந்தார். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். கேட் மறுபடி மூடிக்கொண்டது.

பரீட்சை முடியும் வரைக்கும் நான் அங்கேயேதான் நின்றேன். நிழலில் வந்து உட்காரும்படி காவல்காரர் சொன்னார். கட்டிய கைகளைப் பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.